காயத்தின் மேல் இன்னொன்று வேண்டாம்

இறுதிப் போர் தொடங்குவதற்கு முன்பே இலங்கையின் வன்னிப் பகுதிப் பாடசாலைகளில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மொத்தம் 420 மாணவர்களைத் தனித்தனியே இருத்தி, அவர்கள் கண்டதையும் கேட்டதையும் கேட்டு எழுதினார்கள். கேட்டவர்கள் உள்ளூர் ஆசிரியர்கள். உளவளத்துணைப் பயிற்சி பெற்றவர்கள். ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் தோமஸ் எல்பெர்ட்டும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, பிள்ளைகளில் 92 வீதமானோர் குண்டுவீச்சு, செல்லடி, நெருங்கியவரின் சாவை நேரில் காணுதல் என்று மனத்தை உலுக்கும் ஏதோ ஒன்றைக் கடந்து வந்திருந்தார்கள். கால்வாசிப் பேருக்கு மருத்துவ அளவுகோலின்படி மனவடு நோய் இருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் பத்துப் பேர். ஆனால் அந்த ஆய்வில் ஆசிரியர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் வேறு. நோய் இருந்த பிள்ளைகள் நினைவாற்றல் சோதனையில் பின்தங்கினார்கள், பாடசாலைப் புள்ளிகளிலும் பின்தங்கினார்கள், கூடப் படிப்பவர்களிடமிருந்து ஒதுங்கியும் இருந்தார்கள். வகுப்பறையில் நாம் மந்தம் என்றும் கவனக்குறைவு என்றும் எழுதிவைத்த பலவற்றுக்கு வேறொரு பெயர் இருக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள்.

ஆபத்து வந்தால் உடல் மூன்றில் ஒன்றைச் செய்யும்: எதிர்க்கும், ஓடும், அல்லது உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் பின்னக் கணக்கும் வேற்றுமை உருபும் மூளைக்கு வேண்டாத சுமை. ஆபத்து போன பிறகு இந்த ஏற்பாடு தானாக அடங்க வேண்டும். மனவடு உள்ள பிள்ளைக்கு அது அடங்குவதில்லை. ஒரு கதிரை சரிந்து விழுந்தால் உடல் துள்ளுகிறது, யாரும் கூப்பிடாமலே பழைய காட்சி கண்முன் வந்து நிற்கிறது, இரவில் தூக்கம் இல்லை. காலையில் அந்தப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்தபடி இருக்கும், ஆனால் அங்கே இருக்காது. சிலர் சின்னச் சீண்டலுக்கே கைநீட்டுவார்கள். அவர்களுக்குக் குழப்படிகாரர் என்று பெயர் விழும். இவர்களையாவது ஆசிரியரின் கண் பிடித்துவிடும். வாய் திறக்காமல், எதையும் கேட்காமல், யாரோடும் சேராமல் மூலையில் இருக்கும் பிள்ளைக்கு ‘அமைதியான பிள்ளை’ என்று முன்னேற்ற அறிக்கையில் பாராட்டே எழுதிவிடுகிறோம். என் கணிப்பில் வகுப்பறை அதிகம் தவறவிடுவது இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளைத்தான். தொல்லை தராதவர்களைத் தேடிப் போய் யாரும் பார்ப்பதில்லை.

இங்கே ஓர் உண்மையை முன்னால் வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். மனவடு பெரும்பாலும் ஒரே அடியில் முடிவாவதில்லை; அது சேர்ந்துகொண்டே போகிறது. கிளவ்டியா கட்டானியும் சக ஆய்வாளர்களும் 2008இல் வடகிழக்குத் தமிழ்ப் பிள்ளைகள் 296 பேரை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இதைக் காட்டுகிறது. ஒன்பது முதல் பதினைந்து வயது வரையான அந்தப் பிள்ளைகளில் 82 வீதத்துக்கும் மேற்பட்டோர் போரையும் பெரும்பாலானோர் 2004 ஆழிப்பேரலையையும் அனுபவித்திருந்தனர். ஆய்வாளர்கள் அத்தோடு நில்லாமல் வீட்டுக்குள் நடக்கும் அடி உதையையும் கேட்டார்கள். 95 வீதத்துக்கும் கூடுதலானோர் குறைந்தது ஒன்றையாவது சொன்னார்கள். இந்த மூன்று சுமைகளையும் ஒன்றாக நிறுத்துப் பார்த்தபோது, போருக்கும் கடலுக்கும் பக்கத்தில் வீட்டு வன்முறையும் மனவடு நோயோடு தனித் தொடர்பு கொண்டிருந்தது. அதாவது, போரையும் சுனாமியையும் கண்ட பிள்ளைக்கு அப்பாவின் அடி ‘அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை’ என்று ஆகிவிடவில்லை. ஏற்கெனவே இருந்த பாரத்தின் மேல் அதுவும் ஏறியது. அப்படியென்றால் பாடசாலையின் முதற் கடமையும் தெளிவு. நடந்ததை ஆசிரியரால் அழிக்க முடியாது. தன் பங்குக்கு எதையும் ஏற்றாமல் இருக்க முடியும். மனவடு கொண்ட மாணவருக்கு வகுப்பறை செய்யக்கூடிய உதவியில் பெரும்பகுதி இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்பது என் வாதம்.

போர் முடிந்து இத்தனை வருடமாகிவிட்டதே, இன்றைக்கு வகுப்பில் இருப்பவர்கள் செல் சத்தம் கேட்காத பிள்ளைகள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். போர் முடிந்த 2009 மே மாதத்தில் பிறந்த குழந்தைகூட இப்போது சாதாரண தரப் பரீட்சையைத் தொட்டுவிட்டது. ஆனால் அதே 2008 ஆய்வு தந்தையின் குடிப்பழக்கத்தையும், பிள்ளை கண்ட போரனுபவத்தையும் வீட்டு வன்முறையோடு தொடர்புபடுத்தியிருந்தது. பதுங்குகுழியில் பிள்ளையாக இருந்தவர் இன்று தந்தை. காணாமலாக்கப்பட்ட கணவனைத் தேடி அலைந்தவள் இன்று தனியாகக் குடும்பம் நடத்தும் தாய். நுண்கடன் தவணைக்கு ஆள் வரும் வீட்டில், அல்லது அம்மா வளைகுடா நாட்டில் வேலைக்குப் போய்விட அம்மம்மாவோடு வளரும் வீட்டில், போர் இன்னொரு வடிவில் தொடர்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். அவர்களோடு படித்தவர்கள் மறுபடி வகுப்புக்கு வந்தபோது பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்திருக்கும். இவற்றுக்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. வட இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளை ஆராய்ந்து ஸ்ரீஸ்கந்தராஜாவும் மற்றவர்களும் 2015இல் வெளியிட்ட கட்டுரை, பெற்றோர் தன்மேல் அக்கறை காட்டுகிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளிடம் பேரழிவுகளின் பாதிப்பு, மனத்துக்குள் ஒடுங்கும் துயரமாக மாறுவது குறைவு என்று கண்டது. ஒரு பெரியவரின் நிலையான அக்கறை பிள்ளையைக் காக்கிறது. பள்ளி நாட்களில் பெற்றோருக்கு அடுத்தபடி பிள்ளை அதிக நேரம் முகம் பார்க்கும் பெரியவர் ஆசிரியர்தான்.

எதையும் ஏற்றாமல் இருப்பது என்றவுடன் பேச்சு பிரம்பில் வந்து நிற்கும். ‘அடியாத மாடு படியாது’ என்று பழமொழி சொல்லாத ஆசிரியர் ஓய்வறை தமிழ் நிலத்தில் இருக்காது. பிரம்பைக் கீழே வைத்தால் வகுப்பு சந்தைக்கடையாகும், பாடத்திட்டம் ஓடாது, பெறுபேறு விழும் என்பது வாதம். சட்டம் இதில் எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை: இலங்கைக் கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுக்கிறது, இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், பெறுபேறு விழுமா என்ற அச்சத்துக்கு உகண்டாவிலிருந்து ஒரு விடை இருக்கிறது. அங்கே லுவேரோ மாவட்டத்தில் 42 ஆரம்பப் பாடசாலைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மட்டும் ஆசிரியர், மாணவர், பெற்றோர் எல்லோரையும் இழுத்து பதினெட்டு மாதம் ஒரு மாற்றுத் திட்டத்தை நடத்தினார்கள். முடிவு 2015இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கடந்த ஒரு வாரத்தில் பாடசாலை ஊழியரிடம் அடிவாங்கியதாகச் சொன்ன பிள்ளைகள் திட்டம் நடக்காத பாடசாலைகளில் 49 வீதம், நடந்தவற்றில் 31 வீதம். பரீட்சைப் புள்ளிகள் இரண்டு பக்கத்திலும் வேறுபடவில்லை. அடி குறைந்தது, படிப்பு விழவில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது, அதை மறைப்பது நேர்மையில்லை: அந்தப் பதினெட்டு மாதத்தில் பிள்ளைகளின் மனநலக் குறியீடுகளும் மேம்படவில்லை. அடியை நிறுத்துவது மருந்தாகிவிடாது. அது புண்ணில் மண்ணள்ளிப் போடாமல் இருப்பது, அவ்வளவுதான். புண் ஆறுவதற்கு வேறு சிலவும் வேண்டும்.

அந்த வேறு சில எவை என்று தேடும்போதுதான் எதிர்த்திசையில் ஓர் ஆர்வக்கோளாறு வருகிறது. மனவடுவைப் பற்றிப் புதிதாக அறிந்த ஆசிரியர், அதைப் பிள்ளையிடமிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்று துடிக்கிறார். மனத்தில் உள்ளதைக் கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையோரத்துக்கு வந்திறங்கிய பல குழுக்களுக்கும் அதே நம்பிக்கைதான். கடலை வரை, அலையை வரை, அன்று நடந்ததைச் சொல் என்று வந்தவரெல்லாம் கேட்டுவிட்டுப் போனார்கள். இந்தக் கொட்டித்தீர்க்கும் முறையை, அதாவது பேரிடர் நடந்த கையோடு ஆட்களை இருத்தி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைப்பதை, சோதனைக்கு உட்படுத்தியபோது அது மனவடு நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சிலருக்குக் கேடு செய்ததற்கே சான்று கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலும் அதைச் செய்ய வேண்டாம் என்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று யாழ்ப்பாண மாவட்டத்தில் கிடைத்தது. வீட்சே டோலும் சக ஆய்வாளர்களும் ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையான 399 பிள்ளைகளை வைத்து நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2012இல் வெளியானது. விளையாட்டு, பேச்சு, படம் வரைதல், பயத்தைக் கையாளும் பயிற்சி எல்லாம் கலந்த பதினைந்து அமர்வுகள், நன்றாகத் திட்டமிட்டவை. எதிர்பார்த்தது, மனவடு அறிகுறி எல்லோருக்கும் குறையும் என்பது. அப்படி நடக்கவில்லை. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆண் பிள்ளைகளுக்கும், அப்போதைய வாழ்க்கையில் போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கும் ஓரளவு பயன் இருந்தது. ஆனால் திட்டத்தில் சேர்ந்த பெண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், சேராமல் முறைக்குக் காத்திருந்த பெண் பிள்ளைகளுடையதை விடக் குறைவாகவே தணிந்தன. காத்திருந்தவர்கள் தாமாகவே கூடுதலாகத் தேறினார்கள் என்று அர்த்தம். நல்ல எண்ணத்தோடும் கையேட்டோடும் முழு வகுப்பையும் இருத்திச் செய்த ஒரு காரியம் பாதிப் பேருக்குத் தேறுதலைத் தாமதப்படுத்தியிருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை ‘எல்லோரும் கண்ணை மூடி உங்கள் வாழ்வின் சோகமான நாளை நினையுங்கள்’ என்று வகுப்பில் சொல்வதற்கு முன் ஆசிரியர் ஒரு கணம் நிற்க வேண்டும். தொண்டு நிறுவனத்தாரிடமிருந்து வரும் அரை நாள் பட்டறைகளுக்கும் இது பொருந்தும்.

அப்படியென்றால் நினைவைத் தொடவே கூடாதா? தொட வேண்டியவர்களுக்குத் தொடத்தான் வேண்டும். இடமும் ஆளும் வேறு. சுனாமிக்குப் பின் வடகிழக்கின் அகதிமுகாமொன்றில் எட்டு முதல் பதினான்கு வயது வரையான 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகளில் சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு பிரிவு, பயிற்றப்பட்டவரின் துணையோடு தன் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்லி அமைத்தது. மற்றப் பிரிவு தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. ஆறு மாதம் கழித்து முதற்பிரிவில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் மீண்டிருந்தார்கள். சிகிச்சை தந்தவர்கள் உள்ளூர் ஆசிரிய உளவளத்துணையாளர்கள் என்பதால், ஆசிரியரால் இதெல்லாம் முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள்: நோய் உண்டு என்று கணித்த பிள்ளை, நீண்ட பயிற்சி பெற்ற ஆள், தனியிடம், மேற்பார்வை, பல அமர்வு. எட்டாம் பாடவேளையில் முப்பத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க நடக்கிற காரியமில்லை அது.

மனவடு என்பதே மேற்கு நாட்டுச் சரக்கு, நம் துக்கத்துக்கு அவர்கள் பட்டியல் பொருந்தாது என்றொரு மறுப்பு உண்டு. அமெரிக்க இதழாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் எழுதிய நூலொன்றில், சுனாமிக்குப் பின் இலங்கைக்கு இந்த நோய்ப் பெயர் எப்படி இறக்குமதியானது என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. இலங்கையரான உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வுகளும், நம்மவர் தம் பாதிப்பைப் பயங்கரக் கனவுகளாகச் சொல்வதைக் காட்டிலும் உறவு அறுந்துபோனதாகவும் குடும்பத்தில் தன் இடம் போய்விட்டதாகவும் சொல்வதைக் காட்டின. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் தனிமனித நோயாக மட்டும் இதைப் பார்க்காமல், சமூகமே பட்ட காயம் என்று எழுதி வந்திருக்கிறார். இந்த மறுப்பில் பாதி எனக்கு உடன்பாடே. ஆனால் அது என் வாதத்தைத் தளர்த்துவதில்லை, பலப்படுத்துகிறது. அறுந்தது உறவும் இடமும் என்றால், அவற்றைப் பிள்ளைக்குத் திரும்பத் தரக்கூடிய முதல் பொது இடம் பாடசாலை. முழுகிப் போன ஊரிலும் முகாமிலும் பிள்ளைகளுக்கு நேரமும் ஒழுங்கும் திரும்பியது தறப்பாள் கொட்டிலில் மணியடித்துத் தொடங்கிய வகுப்பில்தான்.

இடம் தருவது நடைமுறையில் மிகச் சாதாரணமான வேலை. ஐந்தாம் தரத் தமிழ்ப் பாடத்தில் கட்டுரைத் தலைப்பு ‘எனது தந்தை’. காணாமலாக்கப்பட்டவரின் மகள் என்ன எழுதுவாள்? அவர் இருக்கிறார் என்று எழுதுவதா, இல்லை என்றா? வீட்டில் யாரும் இன்னும் முடிவு சொல்லாத கேள்விக்கு அவளைப் பத்து வரியில் விடை எழுதச் சொல்கிறோம். பிறகு அதை எழுந்து வாசிக்கவும் சொல்கிறோம். ‘என்னை அன்போடு பார்த்துக்கொள்ளும் ஒருவர்’ என்று தலைப்பை மாற்றினால் மொழிப்பாடத்துக்கு எந்த நட்டமும் இல்லை. அனுமதிப் படிவத்தில் தந்தையின் பெயர், தொழில் என்ற கட்டங்களை எல்லோர் முன்னாலும் உரத்துக் கேட்டு நிரப்ப வேண்டியதில்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓட்டத்தைத் தொடக்க வெடிக்கும் துப்பாக்கிக்குப் பதில் விசில் போதும்; துப்பாக்கிதான் வேண்டுமென்றால் எப்போது வெடிக்கும் என்றாவது முன்கூட்டியே சொல்லலாம். நாளைக்கு வேறு ஆசிரியர் வருவார், அடுத்த வாரம் வகுப்பு இடம் மாறும் என்பதையும் அப்படியே சொல்லிவிட வேண்டும். திடீர் மாற்றம் இப்பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்குப் போலச் சின்ன விடயமாக இருப்பதில்லை. பின்னாலிருந்து தோளைத் தொடாதிருத்தல், கதவருகே இருக்க விரும்பும் பிள்ளையை இருக்க விடுதல், மூச்சு முட்டினால் அனுமதி கேட்காமலே வெளியே போய்த் தண்ணீர் குடித்து வரலாம் என்று ஓர் ஏற்பாடு, இவை எதற்கும் காசில்லை. தவறு செய்தால் கண்டிக்கவும் வேண்டும். மனவடு உள்ள பிள்ளைக்கு விதி வேண்டாம் என்று நினைப்பது இன்னொரு பிழை. எது செய்தால் என்ன நடக்கும் என்பது அதற்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் சிரித்து மறுநாள் சீறும் ஆசிரியரை விட, எப்போதும் ஒரேமாதிரிக் கண்டிப்பான ஆசிரியர் இப்பிள்ளைகளுக்கு நல்லவர்.

இப்படிப் பாடசாலை முழுவதையும் மாற்றியமைத்தால் பலன் கிடைக்கும் என்று நிரூபிக்கப்பட்டிருக்கிறதா என்று கண்டிப்பான வாசகர் கேட்பார். காம்பெல் ஆய்வுக் கூட்டமைப்புக்காக 2019இல் உலக அளவில் தேடியவர்களுக்கு, தங்கள் அளவுகோலில் தேறும் ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே இவற்றை அதிசய மருந்தாக விற்க வரும் நிறுவனங்களிடம் சந்தேகத்தோடு இருப்பது நல்லது. ஆனால் நான் மேலே சொன்னவற்றை ஒரு நல்ல பாடசாலை மனவடு இல்லாத பிள்ளைக்கும் செய்ய வேண்டும். அவமானப்படுத்தாதே, முன்னறிவித்துச் செய், சொன்னபடி நட என்பவற்றைத் தொடங்குவதற்குச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியாக, ஆசிரியரின் பாடு. புலமைப்பரிசில் பெறுபேற்றை வைத்து அவரை எடைபோடும் வலயக் கல்விப் பணிமனை, மகனுக்கு எத்தனை புள்ளி என்று மட்டும் கேட்கும் பெற்றோர், முடியாத பாடத்திட்டம். அதோடு வடக்கு கிழக்கில் அந்த ஆசிரியரும் போர் முடிந்த அதே முள்ளிவாய்க்காலையும் அதே மெனிக் பாம் முகாமையும் கடந்து வந்தவராக இருக்கக்கூடும். அவருடைய உடலும் வெடிச்சத்தத்துக்குத் துள்ளும். இத்தனைக்கும் நடுவில் இதையும் எப்படிச் செய்வது என்ற மறுப்பை மட்டும் வாதத்தால் தட்டிவிட முடியாது. உளவளத்துணைக்கு என்று பயிற்றப்பட்ட ஆசிரியருக்கு நேரசூசியில் அதற்கென்று நேரமும், கதவு மூடிப் பேச ஓர் அறையும் வேண்டும். வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கும் ஆளாக அவரை வைத்திருப்பது அந்தப் பயிற்சியைக் குப்பையில் போடுவதற்குச் சமம். பாட ஆசிரியரின் வேலை கவனிப்பதும், ஒரு மாதத்துக்கு மேல் மாறாத சோர்வு, ஒதுக்கம், ஆத்திரம் கண்டால் உளவளத்துணை ஆசிரியரிடம் சொல்வதும்தான். தன்னை வருத்திக்கொள்வதாகவோ சாவதாகவோ ஒரு பிள்ளை பேசினால் அன்றைக்கே சொல்ல வேண்டும். அங்கிருந்து மாவட்ட மருத்துவமனையின் உளநலப் பிரிவுக்கும், வீட்டில் ஆபத்து என்றால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் வழி இருக்க வேண்டும்.

அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் 12/2016 சுற்றறிக்கையைக் கோப்பிலிருந்து எடுத்து முழுதாக வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் ஆசிரியர் முதலில் யாரிடம் போக வேண்டும் என்று ஒரு பெயரை ஓய்வறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதற்குப் பக்கத்தில் பிள்ளைகள் கண்ணிலும் படும்படி சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கமான 1929ஐயும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐயும் எழுதுங்கள். தமிழ்நாட்டுப் பாடசாலையென்றால் 1098.